பதினேழரை வயதும் அப்பாவின் கையெழுத்தும்

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பிக்கு 17 வயது முடிந்து ஏழு மாதம் ஆகிறது. அக்னிவீரர் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நிற்கிறான். 18 ஆகாதவன் என்பதால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பா பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார். ‘போர் என்று வந்தால் முன்னால் நிறுத்துவது மீசை முளைக்காத பையன்களைத்தான். உலகம் முழுக்கச் சிப்பாய்களின் சராசரி வயதே 19’ என்பது அவருடைய வாதம். இது உண்மையா, உண்மை என்றால் ஏன் அப்படி என்பது கேள்வி.

நான் காலாட்படையில் 24 ஆண்டுகள் இருந்தவன். அதில் மூன்று ஆண்டுகள் நீலகிரி வெலிங்டனில் புதிதாக வந்த பையன்களுக்குக் கவாத்துச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது கோபி பக்கம் மஞ்சளும் வாழையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அப்பா சொல்லும் எண் தவறு. அவர் பயப்படும் விஷயம் சரி. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 19. அது வியட்நாம் போரை ஒட்டி அமெரிக்காவில் கிளம்பிய கணக்கு. 1980-களில் ஒரு பாட்டு வழியாக உலகம் சுற்றி நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. வாஷிங்டனில் அந்தப் போரில் இறந்தவர்களுக்காகக் கட்டிய கருங்கல் சுவரில் 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் இறந்தபோது சராசரி வயது ஏறக்குறைய 23. ஆனால் எந்த வயதில் அதிகம் பேர் இறந்தார்கள் என்று பார்த்தால் 20. அந்தச் சுவரிலேயே மிகச் சிறியவன் டான் புல்லக் என்ற பையன். பிறப்புச் சான்றிதழைத் திருத்தி 14 வயதில் சேர்ந்தான். 1969 ஜூன் 7 அன்று வியட்நாமில் இறந்தபோது அவனுக்கு வயது 15.

நம் ராணுவத்தின் சராசரி வயது 19-க்குப் பக்கத்தில்கூட இல்லை. 2022 ஜூன் 14 அன்று, அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தை அறிவித்தபோது ராணுவ அதிகாரிகள் சொன்ன கணக்கு, இப்போது சராசரி 32, அதைச் சில ஆண்டுகளில் 26-க்குக் கொண்டுவர வேண்டும் என்பது. அதாவது ராணுவம் வயதாகிவிட்டது என்பதுதான் அவர்களுடைய கவலை. கார்கில் போருக்குப் பிறகு அமைத்த ஆய்வுக் குழுவும் ராணுவம் எப்போதும் இளமையாகவும் உடல் உறுதியோடும் இருக்க வேண்டும் என்றுதான் எழுதியது. 16,000 அடிக்கு மேல் மூச்சு முட்டும் பாறையில் ஏறி மேலே இருப்பவனோடு சண்டை போட்ட அனுபவம் அப்படி எழுத வைத்தது.

ஆனால் சராசரி என்பது ஒரு ஏமாற்று வேலை. சமையல்காரர், கிளார்க், டிரைவர், ஸ்டோர் ஹவில்தார், பல் போன சுபேதார் எல்லோரையும் கூட்டி வகுத்தால் வருவது அது. குண்டு படுகிற இடத்தில் இவர்கள் எல்லோரும் நிற்பதில்லை. காலாட்படையில் ஒரு செக்‌ஷன் என்றால் பத்துப் பேர். தலைவனாக இருக்கும் ஹவில்தாருக்கோ நாயக்குக்கோ முப்பதை ஒட்டி இருக்கும். செக்‌ஷனுக்கு முன்னால் தனியாகப் போகிறவனை ஸ்கௌட் என்போம். இருட்டில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டு நிற்கத் தெரிந்தவன், கண்ணும் காதும் கூர்மையானவன், ஓடி விழுந்து எழத் தெரிந்தவன் அந்த இடத்துக்கு வேண்டும். நாற்பது வயதுக்காரனை யாரும் அங்கே வைக்க மாட்டார்கள். வயது பார்த்து அனுப்புவதில்லை, தகுதி பார்த்துத்தான் அனுப்புகிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். தகுதி எந்த வயதில் இருக்கிறது என்று பார்த்தால் சுற்றி வந்து அங்கேயே நிற்கும்.

டைகர் ஹில்லில் 1999 ஜூலையில் பனிப் பாறையில் கயிறு கட்டி ஏறிய கட்டாக் என்ற அதிரடிப் பிளட்டூனில் இருந்த யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19. 17 நிறையும் முன்பே ராணுவத்தில் சேர்ந்தவர். உடம்பில் பல குண்டுகள் பாய்ந்தும் உயிர் பிழைத்து, வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரத்தைத் தன் கையாலேயே வாங்கிக்கொண்டார். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்தக் கார்கில் போரில் நம் பக்கம் இறந்தவர்கள் 527 பேர்.

அதிகாரிகள் விஷயத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றுப் பக்கம், எரிகிற டாங்கியை விட்டு இறங்க மறுத்து இறந்த அருண் கேத்ரபாலுக்கு 21 வயது. அதிகாரியாக ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் அமராவதிநகர் சைனிக் பள்ளி இருக்கிறது. 1962 ஜூலையில் தொடங்கியது. மூன்று மாதத்தில் சீனப் போர் வந்தது. அங்கே ஆறாம் வகுப்பில் சேர்கிற பிள்ளைக்குப் பத்து முதல் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். காக்கிச் சட்டை போட்ட அந்தப் பிள்ளைகளைப் பார்த்து யாரும் பதறுவதில்லை, இடம் கிடைக்காதா என்று ஏங்குகிறார்கள். உங்கள் அப்பாவும் ஏங்கியிருக்கக்கூடும். நான் குற்றமாகச் சொல்லவில்லை. என் அக்கா மகனுக்கு நானே அங்கே விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தவன்.

சரி, ஏன் இளையவர்கள்? உடம்பு என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதுகில் இருபத்தைந்து கிலோ, கையில் துப்பாக்கி, இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை, மூன்றாம் நாள் காலையில் ஓடச் சொன்னால் ஓடுகிற உடம்பு இருபதில்தான் இருக்கிறது. முப்பத்தைந்தில் எனக்கு முழங்கால் சொன்ன சேதி வேறு.

உடம்பைத் தாண்டி இரண்டு காரணங்கள் உண்டு. அவற்றை அரசாங்கங்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஒன்று, அவனுக்குப் பின்னால் குடும்பம் இல்லை. மனைவி, பிள்ளை, வீட்டுக் கடன், சீட்டுப் பணம் எதுவும் இல்லாதவன் லேசாகக் கிளம்பிவிடுவான். அவன் இறந்தாலும் அரசாங்கத்துக்குச் செலவு குறைவு. இரண்டாவது, தனக்குச் சாவு வரும் என்று அவன் நம்புவதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு வரும், தனக்கு வராது என்று மனசார நினைப்பான். மூளையில் பின்விளைவை எடைபோடும் முன்பகுதி இருபத்தைந்தை ஒட்டித்தான் முழுதாக முதிர்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை, மைதானத்தில் பார்த்ததுதான். ஒரு மதிலைக் காட்டி ‘தாண்டு’ என்றால் பதினெட்டு வயதுக்காரன் தாண்டிவிட்டு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பான். முப்பது வயதுக்காரன் முதலில் எட்டிப் பார்ப்பான். ராணுவத்துக்கு இருவருமே தேவை, ஆனால் மதில் நிறைய இருக்கும்போது முதலாமவன் நிறையத் தேவை.

வெலிங்டனில் நான் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்லடம் பக்கம் விசைத்தறியில் நூல் முடிந்துகொண்டிருந்தவன். வந்த புதிதில் ராத்திரி போர்வைக்குள் அழுவான். குன்னூர்க் குளிருக்கு மூக்கு ஒழுகுவதாகக் காலையில் சொல்வான். அதை விடுங்கள், எல்லோரும் அழுவார்கள். அவனுக்குக் கொடுத்த கால்சட்டை அளவெடுத்துத் தைத்தது. அப்போதெல்லாம் பயிற்சி ஒன்பது மாதத்தை ஒட்டிப் போகும். ஆறாவது மாதம் அணிவகுப்பில் பார்த்தால் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. சலவையில் சுருங்கிவிட்டதாக நினைத்து அவனைத் திட்டினேன். ஸ்டோரில் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோடு நிறுத்தி அளந்தால் சேர்ந்தபோது இருந்ததைவிட இரண்டு விரற்கடை உயரம் கூடியிருக்கிறான். வேளைக்குச் சாப்பாடு கிடைத்ததும் உடம்பு விட்ட இடத்திலிருந்து வளரத் தொடங்கிவிட்டது. ஸ்டோர் ஹவில்தார் ‘சண்டைக்கு ஆள் கேட்டால் தொட்டில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்’ என்று சிரித்தார். அடுத்த மாதம் அதே பையன் தாடை வீங்கி மருத்துவமனையில் வரிசையில் நின்றான். ஞானப்பல் முளைக்கிறது என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். அன்று காலைதான் அவனுக்குத் துப்பாக்கியில் கத்தி மாட்டிக் குத்தக் கற்றுக்கொடுத்திருந்தேன். மணல் மூட்டையைக் குத்தியவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

இந்த வயது என்பதையே கொஞ்சம் கிளற வேண்டும். நம் பக்கத்தில் ஒருவனுடைய வயது எங்கிருந்து வருகிறது தெரியுமா? என் வயதுக்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமிருந்து வந்தது. வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடு என்பார். தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் போய் ஆடு மேய்த்துவிட்டு அடுத்த வருடம் வா. நான் கை நீளமானவன், நான்கு வயதிலேயே தொட்டுவிட்டேன். ஐந்து நிறைந்ததாக வாத்தியார் ஜூன் மாதம் ஏதோ ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்த நாள். அந்தத் தேதி பள்ளி மாற்றுச் சான்றிதழுக்குப் போய், அங்கிருந்து ராணுவப் பதிவுக்குப் போனது. 1984-ல் சேர்ந்தபோது காகிதத்தில் எனக்கு வயது 18. என் அம்மா கணக்கில் 17-கூட நிறையவில்லை.

என் அம்மாவின் அப்பா, என் அப்புச்சியின் கதை இன்னும் பெரியது. அவருடைய ஜாதக ஓலையில் பிரபவ வருடம், தை மாதம் என்றிருந்தது. 1928 ஜனவரி. 1943 ஆவணியில் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போனவர் மாட்டை விற்ற பணத்தைப் பங்காளி கையில் கொடுத்தனுப்பிவிட்டு, பாலம் போடும் சாப்பர் படையில் சேரப் பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினைந்தரை. எழுதிக்கொண்டது 18. ‘என்ன வயது’ என்று ஒரு துரை கேட்டாராம், ‘நீங்களே போட்டுக்கொள்ளுங்க சாமி’ என்றாராம் இவர். இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது இரண்டு லட்சத்தை ஒட்டி இருந்த இந்திய ராணுவம் முடியும்போது 25 லட்சமாக இருந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் எத்தனை அப்புச்சிகள் இருந்திருப்பார்கள்! அதற்கு முன்னால், சண்டைக்குப் பிறந்த இனம் என்று வடக்கே சிலரைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, மதராஸ் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஆள் பஞ்சம் வந்ததும் 1941-ஐ ஒட்டி மறுபடி மதராஸ் ரெஜிமெண்டை எழுப்பினார்கள். இனம் பார்த்தவர்கள் அதை மறந்தார்கள், வயதையும் மறந்தார்கள்.

அப்புச்சி பர்மா பக்கம் பாலம் போடப் போனார். அதைப் பற்றிக் கேட்டால் அட்டைப்பூச்சியையும் மழையையும் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு தடவை, மாட்டுக் கட்டுத்தரையில் உட்கார்ந்துகொண்டு, அங்கே போன பிறகுதான் தனக்குக் குரல் உடைந்தது என்றார். ஆணை சொன்னால் அதைத் திருப்பிக் கத்த வேண்டும். கீச்சுக் குரலில் கத்தினால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்களாம்.

நம் ஊர்க் குழப்பம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பிறப்புப் பதிவு ஒழுங்காக இருந்த பிரிட்டனிலேயே முதல் உலகப்போரில் 18 வயதுக்கு மேல்தான் சேர்க்கலாம், 19 ஆனால்தான் கடல் கடந்து அனுப்பலாம் என்று விதி இருந்தபோதும் வயது குறைந்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் சேர்ந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். சிட்னி லூயிஸ் என்ற பையன் 1916-ல் பிரான்ஸில் சோம் போர்க்களத்தில் இருந்தபோது வயது 13. அவனுடைய அம்மா பிறப்புச் சான்றிதழை அனுப்பிப் போர்த்துறைக்கு எழுதித்தான் அவனை மீட்டார். சான்றிதழ் இருந்த அம்மாவால் முடிந்தது. என் அப்புச்சியின் அம்மாவிடம் இருந்தது ஓர் ஓலை. அதை எந்தத் துரையிடம் காட்டுவது?

நாகாலாந்தில் கோகிமா போர்க் கல்லறையில், இரண்டாம் உலகப்போரில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கு ஒரு தனி நினைவிடம் இருக்கிறது. அவர்களை எரியூட்டியதால் தலைமாட்டில் தனிக்கல் கிடையாது, பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் பிரிட்டிஷ்காரர்களின் கல்லறைகளில் 20, 22 என்று வயது வெட்டியிருக்கிறது, கீழே அம்மா அப்பா சொன்ன ஒரு வரி இருக்கிறது. 917 பெயர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு நான் தேடியது வயதைத்தான்.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். அக்னிவீரராகச் சேரக் குறைந்த வயது 17½. பயிற்சி சுமார் ஆறு மாதம். இரண்டையும் கூட்டுங்கள், 18. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. குழந்தைகளைப் போரில் ஈடுபடுத்துவது தொடர்பாக 2000-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உடன்பாட்டில் இந்தியா 2005-ல் இணைந்தது. அப்போது கொடுத்த உறுதிமொழி, 16 வயதிலிருந்து சேர்ப்போம், ஆனால் பயிற்சி முடித்தவனை 18 நிறைந்த பிறகே போர்முனைப் பகுதிக்கு அனுப்புவோம் என்பது. ஆகவே உங்கள் தம்பியை 18 ஆகும் முன் எல்லையில் நிறுத்தக் கூடாது. அப்பாவிடம் இதை உறுதியாகச் சொல்லலாம். 18 ஆன மறுநாள் நிறுத்தலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

18-க்கு அப்பால் வேறு கணக்குகள் இருக்கின்றன. எனக்கு இவை வேடிக்கையாகப் படும். 18 வயதில் அவன் நாட்டுக்காகச் சுடலாம், சுடப்படலாம். கல்யாணம் செய்துகொள்ள 21 ஆக வேண்டும். டாஸ்மாக் கடையில் 21 ஆகாதவனுக்குப் பாட்டில் விற்கக்கூடாது, விற்கிறார்களா என்பது வேறு விஷயம். மக்களவைத் தேர்தலில் நிற்க 25 ஆக வேண்டும். இன்றைக்கு 18-ல் ஓட்டாவது இருக்கிறது. அதுவும் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 61-வது சட்டத் திருத்தம் கொடுத்தது. அதுவரை 21. 1971 மார்ச்சில் நடந்த தேர்தலில் அருண் கேத்ரபால் ஓட்டுப் போட்டிருக்க முடியாது, வயது 20. டிசம்பரில் இறந்தார். 1962-லும் 1965-லும் எல்லையில் நின்ற எத்தனையோ பையன்கள் தங்களை அங்கே அனுப்பிய அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்காதவர்கள். 1984 டிசம்பர் தேர்தலின்போது நான் வெலிங்டனில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தேன். என் பெயர் எந்த வாக்காளர் பட்டியலிலும் இல்லை. அமெரிக்கர்களுக்கும் இதே உறுத்தல் வியட்நாம் சமயத்தில் வந்துதான் 1971-ல் ஓட்டு வயதை 18 ஆக்கினார்கள். சண்டை போடும் வயது வந்தவனுக்கு ஓட்டுப் போடும் வயது வரவில்லையா என்று அங்கே தெருவில் இறங்கிக் கேட்டார்கள். நாம் கேட்டதாக நினைவில்லை.

இதற்கு வடிவேலும் வாளும் ஏந்திய தமிழ்த் தாய் என்று மேடையில் பதில் சொல்வார்கள். ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டைச் சொல்வார்கள். முன்பு ஒரு சண்டையில் பிறந்த வீட்டு ஆண் போனான், நேற்றைய சண்டையில் கணவன் போனான், இன்று பறைச் சத்தம் கேட்டதும் இருக்கிற ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். கைதட்டல் கிடைக்கும். அந்தப் பாட்டில் அவள் என்ன செய்கிறாள் என்று நிதானமாகப் படியுங்கள். வெள்ளைத் துணி உடுத்தி விடுகிறாள். பறக்கிற குடுமிக்கு எண்ணெய் தடவிச் சீவி விடுகிறாள். உடுத்திவிடவும் தலை சீவிவிடவும் ஓர் அம்மா தேவைப்படும் வயது அது. புலவர் அதைப் பார்த்து முதலில் சொல்வது ‘கெடுக சிந்தை’ என்று. நான் ஊரை விட்டுக் கிளம்பிய காலையில் என் அம்மாவும் தலைக்கு எண்ணெய் வைத்துத்தான் அனுப்பினார். நான்காம் நாள் வெலிங்டனில் அந்த முடி முழுக்கத் தரையில் கிடந்தது.

நம் பக்கத்துச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தகடூர் அதியமானை ஔவையார் ‘மழவர் பெருமகன்’ என்கிறார். மழவர் என்றால் போர் வீரர். ‘மழவும் குழவும் இளமைப் பொருள்’ என்கிறது தொல்காப்பியம். கொல்லிமலைச் சாரலிலும் தருமபுரிப் பக்கமும் வேல் பிடித்துத் திரிந்தவனுக்கு நம் முன்னோர் வைத்த பெயரிலேயே அவன் சின்னப் பையன் என்பது இருக்கிறது. ஆங்கிலத்தில் காலாட்படைக்கு வழங்கும் இன்ஃபன்ட்ரி என்ற சொல்லும் சிறுவன், இளைஞன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அண்ணன்மார் கதை கேட்டு வளராதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. பொன்னருக்கும் சங்கருக்கும் விதித்த ஆயுள் எத்தனை? உடுக்கடித்துப் பாடுகிறவர்கள் சொல்வது 16 ஆண்டுகள். கோயிலில் குதிரை மேல் முறுக்கு மீசையோடு சிலை வைத்திருப்பதால் நாம் அவர்களைப் பெரிய ஆட்களாக நினைத்துக்கொள்கிறோம். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துக் களத்தில், அவர்கள் சாவதைப் பாடி நடிக்கும் படுகளம் பார்த்தேன். விடுமுறையில் வந்திருந்த நேரம். பாட்டு பல இரவுகள் ஓடி, கடைசி இரவு சங்கர் சாகிற இடம் வந்தது. உடுக்கைச் சத்தம் ஏற ஏற, கூட்டத்திலிருந்து பையன்கள் ஒவ்வொருவராக நிலைகுலைந்து விழுந்தார்கள். பாடகர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அருள் வந்து விழுகிறவர்கள் விழுவார்கள், அவ்வளவுதான். வரிசையாகக் கிடத்தி வெள்ளை வேட்டி போர்த்தினார்கள். நான் எண்ணினேன், பதினேழு. பத்தாம் வகுப்பு படிக்கிறவன், பனியன் கம்பெனிக்குப் போகிறவன், டிராக்டர் ஓட்டுகிறவன். ஒருவன் கால் மட்டும் வேட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் புது ரப்பர் செருப்பு. அம்மாக்கள் ஓரமாக நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். விடியும் நேரத்தில், அண்ணன்மாரின் தங்கை தங்காள் அருள் வந்த பெண் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்துக்கொண்டே போனார். ஒவ்வொருவனாக எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தான். செருப்புக்காரன் எழச் சற்று நேரமானது. அவனுடைய அம்மா வரிசையைத் தாண்டி ஓடி வந்துவிட்டார்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். 1987-ல் அமைதிப்படையாகப் போனோம். போன வேலை ஒன்று, அங்கே நடந்தது வேறொன்று. 1990 மார்ச்சில் திரும்பும்போது நம் பக்கம் ஏறக்குறைய 1,200 பேர் இல்லை. அந்த அரசியலை இங்கே பேச வரவில்லை. அந்த ஊர் மக்கள் எங்களை எதிர்த்துச் சண்டை போட்டவர்களைப் ‘பொடியள்’ என்றார்கள். பையன்கள் என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றபடிதான் இருந்தார்கள். அவர்களில் பதினைந்தும் பதினாறும் உண்டு. பின்னாளில் யுனிசெஃப் அதைக் கணக்கெடுத்து எழுதியது. ஒரு வீட்டைச் சோதனை போடப் போனோம். கிழவி ஒருவர் திண்ணையில் இருந்தார். நான் தமிழில் பேசியதும் நிமிர்ந்து பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஈரோட்டுப் பக்கம் என்றேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘நீரும் பொடியன்தானே’ என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் என்னால் ஒரு பானையைக்கூடப் புரட்ட முடியவில்லை. காகிதத்தில் எனக்கு அப்போது 21.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். நான்கு ஆண்டு வேலை, முடிவில் நான்கில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் கையில் ஒரு தொகையோடு வீட்டுக்கு. 22 வயதில் திரும்பி வந்தவனுக்கு என்ன வழி என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. போர் வருமா என்பதைவிட அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். தம்பிக்கு உண்மையான ஆசைதானா, அல்லது தறிச் சத்தத்திலிருந்து தப்பிக்கும் வழியா என்று கேளுங்கள். நான் தப்பிக்கத்தான் போனேன். போன பிறகு பிடித்துப்போனது. அப்படிப் பிடிக்காமல் போனவர்களையும் தெரியும். ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். 18 ஆகிவிட்டால் அப்பா கையெழுத்துத் தேவையில்லை. அப்பா கையெழுத்துப் போட்டுப் போனவனுக்கும் போடாமல் போனவனுக்கும் ஒரு வித்தியாசத்தைப் பயிற்சி மைதானத்தில் பார்த்திருக்கிறேன். போடாமல் போனவன் காயம்பட்டால் வீட்டுக்குச் சொல்ல மாட்டான்.

அப்பாவும் பிள்ளையும் பேசி முடித்து அவர் பேனாவை எடுத்துவிட்டால் ஒரு காரியம் செய்யுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியும் ஆதாரில் இருக்கும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா, அப்பா பெயரின் எழுத்து இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 1.6 கிலோமீட்டரை மூச்சு வாங்காமல் ஓடி முடித்துவிட்டு, இந்தத் தேதி பொருந்தாமல் மைதானத்தின் வாசலில் நின்று அழுத பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.